மேகமூட்டத்தில் பைஃபேஷியல் பேனல்: மொரீசியஸ் மாடிகளில் நடக்கும் தவறுகள்

போர்ட் லூயிசில் வெயில் கொளுத்தும் நேரத்தில் மேட்டுப்பகுதி ஊரான கியூர்பிப்பில் தூறிக்கொண்டிருக்கும். அதனால்தான், "மேகம் போட்டாலும் கவலையில்லை, பின்பக்கம் பார்த்துக்கொள்ளும்" என்று பைஃபேஷியல் சோலார் பேனல் (முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் வெளிச்சம் வாங்கி மின்சாரம் தருவது) விற்பவர் சொன்னதும் மேட்டுப்பகுதியில் இருப்பவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 450 வாட் என்று பேனலில் எழுதியிருப்பது பெரும்பாலும் முன்பக்கத்துக்கு மட்டும், அதுவும் சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் விழும்போது. கனத்த மேகத்தில் வெளிச்சம் 150-க்கு இறங்கினால் கிடைப்பது சுமார் 65 வாட்தான். பின்பக்கம் இன்னும் 10 சதவீதம் சேர்த்தாலும் கூடுவது ஆறரை வாட். ஒரு எல்இடி பல்பு எரியும், அவ்வளவுதான். மேகமூட்டத்தில் வெளிச்சம் சிதறி நாலாபக்கமும் வருவதால் பின்பக்கத்தின் பங்கு சதவீதத்தில் ஏறுவது உண்மை. ஆனால் சி.இ.பி. (மின்சார வாரியம்) பில் சதவீதத்தில் வருவதில்லையே!

விவரத்தாளில் 'பைஃபேஷியாலிட்டி 80%' என்று பார்த்துவிட்டு, 80 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. முன்பக்கத்தில் விழும் அதே அளவு வெளிச்சம் பின்பக்கத்திலும் விழுந்தால் அது எவ்வளவு தரும் என்பதற்கான எண் அது. பேனலில் உள்ள செல் பெர்க் (PERC) வகையாக இருந்தால் ஏறக்குறைய 70, டாப்கான் (TOPCon) வகையாக இருந்தால் 80. மாடியில் அவ்வளவு வெளிச்சம் பின்னால் விழவே விழாது.

விழும் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது பேனலுக்கு அடியில் இருக்கும் தரை. நீர்க்கசிவுக்கு ஒட்டிய கருப்புத் தார் ஷீட் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைக்கூடத் திருப்பித் தராது. பழைய கான்கிரீட் கால் பங்கு தரும், புது வெள்ளைப் பெயின்ட் பாதிக்கு மேலேயே தரும். பேனலுக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தைப் பெயின்ட்டுக்கு ஒதுக்குங்கள் என்பேன். ஈரமான ஊரில் பாசி படிந்து வெள்ளை சாம்பல் நிறமாகிவிடும், அவ்வப்போது தேய்த்துக் கழுவ வேண்டும். தகரக் கூரையில் ஒட்டினாற்போல் மாட்டுவதாக இருந்தால் பைஃபேஷியலுக்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

உயரமாக வைத்தால் பின்பக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் சைக்ளோன் வரும் தீவு இது. உயர்த்த உயர்த்த காற்று அடியில் புகுந்து தூக்கும். சட்டத்தையும் ஆணியையும் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டுத் தராத ஆளிடம் உயரம் கேட்க வேண்டாம். அப்புறம், மாட்டும்போது செல்களுக்குப் பின்னால் குறுக்கே ரெயில் ஓடாமலும் ஒயர்க்கட்டு தொங்காமலும் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த வெளிச்சத்தில் அந்த மறைப்பும் நஷ்டம்தான்.

மொரீசியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் இங்கே பேனல் வடக்கு பார்த்துச் சாய்ந்திருக்கும். டிசம்பரிலோ சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி உதிக்கிறது. விடிந்த கொஞ்ச நேரமும் அந்தி சாயும் முன்பும் நேர் வெயில் விழுவது பின்பக்கத்தில்தான். தெற்குக் கைப்பிடிச்சுவரையோ தண்ணீர்த் தொட்டியையோ ஒட்டிப் பேனலை வைத்தால் அதுவும் போச்சு.