கதிர்க்குருவிக்குப் பெயர் எழுதும்போது

புதிதாகப் பறவைப் பட்டியல் போடுகிறவர்களின் நோட்டுகளை அவ்வப்போது திருத்திக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழையெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் பூட்டட் வார்ப்ளர், சைக்ஸ் வார்ப்ளர் என்ற இரண்டு சின்னக் கதிர்க்குருவிகளை வைத்தே சொல்கிறேன்.

பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதுவது

பழைய கையேடுகளில் இவை இரண்டும் ஒரே இனம்: ஹிப்போலைஸ் கலிகாட்டா. ராமா, அதாவது இன்றைய சைக்ஸ் வார்ப்ளர், அதன் கிளையினம். பிற்பாடு ராமாவைத் தனி இனமாகப் பிரித்தார்கள். அப்புறம், 2009-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வையொட்டி இரண்டுமே இடுனா என்ற பேரினத்துக்கு (அறிவியல் பெயரின் முதல் சொல்) மாறின. ஆக, அன்றைய கலிகாட்டாவும் இன்றைய கலிகாட்டாவும் ஒன்றல்ல. அன்று அந்தப் பெயருக்குள் இரண்டு பறவைகள் இருந்தன.

இது புரியாமல், என் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றியபோது ஹிப்போலைஸ் கலிகாட்டா என்று இருந்த இடமெல்லாம் இடுனா கலிகாட்டா என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டேன். பல மாதம் கழித்து மூல நோட்டைப் புரட்டினால், ஒரு பக்க ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: "அலகு நீளம், வாலும் நீளம், முதுகு வெளிறிய சாம்பல், கீழலகு நுனியில் கறுப்பு இல்லை." சைக்ஸ் வார்ப்ளரேதான்! கோப்பில் அது பூட்டட் ஆகியிருந்தது. வரி வரியாக நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். குறிப்பு எழுதாத நாள்களின் பதிவுகளை இன்றுவரை பிரிக்க முடியவில்லை. இதே வேலையை இன்னொருவர் செய்வதைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

நோட்டில் இருந்த பெயரை அப்படியே ஒரு நெடுவரிசையில் வையுங்கள். அதன் பக்கத்தில், இன்றைய பெயருக்கு வேறு நெடுவரிசை. இன்றைய பெயருக்கு எந்த ஆண்டின் பறவைப் பெயர்ப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்பதையும் குறியுங்கள். எது என்று தெரியாவிட்டால் 'பூட்டட் / சைக்ஸ்' என்று சாய்கோடு போட்டு எழுதுங்கள். அதுவும் நல்ல பதிவுதான்.

அடைப்புக்குறியை விடுவது

அறிவியல் பெயருக்குப் பின்னால் அதை முதலில் வைத்தவரின் பெயரும் ஆண்டும் வரும். இடுனா ராமா (சைக்ஸ், 1832) என்பதில் அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. சைக்ஸ் இதை முதலில் சில்வியா பேரினத்தில் வைத்தார். பிறகு பேரினம் மாறியது என்று அந்தக் குறி சொல்கிறது. பிளைத்ஸ் ரீட் வார்ப்ளர் என்ற இன்னொரு கதிர்க்குருவிக்கு முதலில் வைத்த பேரினமே நிலைத்துவிட்டது. அதனால் அக்ரோசெபாலஸ் டுமெட்டோரம் பிளைத், 1849 என்று குறியில்லாமல்தான் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் போடுவதும் தப்பு, எல்லாவற்றிலும் எடுப்பதும் தப்பு.

பெயரின் கடைசி எழுத்தை மாற்றுவது

பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கேற்ப (ஆண்பால், பெண்பால்) கடைசி எழுத்து மாறுவது, இனப்பெயர் பெயரடையாக இருந்தால் மட்டும். 'ராமா' பெயர்ச்சொல். தொடாதீர்கள்.

குடும்பம்

இந்த இரண்டையும் சில்விடே குடும்பத்தில் சேர்ப்பது பழைய கணக்கு. இப்போது அக்ரோசெபாலிடே.