ஜிம் ரீவ்ஸ் நினைவாகப் பாட்டுக் கேட்க ஒரு சாயங்காலம்: ஏற்பாடு செய்வது எப்படி

பெரம்பூர், பரங்கிமலை பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் ஜிம் ரீவ்ஸ் குரல் கேட்கும். 1923-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த கன்ட்ரி இசைப் பாடகர் அவர். 1964 ஜூலை 31 அன்று, அவரே ஓட்டிய சிறு விமானம் நாஷ்வில் அருகே இடிமழையில் சிக்கி விழுந்து இறந்தபோது வயது 40. அந்தத் தேதியை ஒட்டி ரசிகர்கள் கூடுவதாக இருந்தால் பெரிய ஹாலும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கரும் வேண்டாம். மைக்கை உதட்டருகே வைத்து, பேசுகிற சத்தத்தில் பாடியவர் அவர். சத்தத்தைக் கூட்டினால் அந்த நெருக்கம் போய்விடும்.

பதினைந்து இருபது பேருக்கு ஒரு வீட்டு ஹால் போதும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும்; ஜமக்காளம் விரித்துத் திரையை இழுத்து விடுங்கள். மொட்டைமாடி ஆசை வரும். ஆனால் ஜூலை கடைசியில் சென்னையில் சாயங்கால இடிமழை சகஜம். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கப் போலீஸ் அனுமதியும் வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கூடாது. நண்பர்களும் குடும்பமும் மட்டும் வீட்டில் கேட்பதற்குச் சிக்கல் இல்லை. டிக்கெட் போட்டுப் பொது நிகழ்ச்சியாக்கினால் ஒலிப்பதிவுக்கும் பாடல் உரிமைக்கும் தனித்தனி லைசென்ஸ் பார்க்க வேண்டும்.

ரெக்கார்டுகளை ஒரு வாரம் முன்பே வாங்கிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத ரெக்கார்டு அபூர்வம். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான துணியால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் கீறும். நடு லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். பழைய 78 சுழற்சி அரக்கு ரெக்கார்டில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

ஊசி தாவினால் டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) மேல் எட்டணா வைப்பது பழைய வழக்கம். அது தடத்தைத் தின்றுவிடும். மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய காந்தத் தலை) பெரும்பாலானவற்றுக்கு ஊசி அழுத்தும் எடை 1.5 முதல் 2.5 கிராம் போதும். சத்தம் மெலிந்து பேஸே இல்லாமல் வந்தால் ரெக்கார்டு பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) இல்லை என்று பொருள். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். கரகரத்து அதிர்ந்தால் இரண்டு ப்ரீஆம்ப் சேர்ந்திருக்கிறது, ஒன்றை அணைக்க வேண்டும். இன்னொன்று: பெல்ட் தளர்ந்து வேகம் குறைந்தால் வேறு பாடகர் என்றால் உடனே காது கண்டுபிடிக்கும். இவர் குரலே ஆழம் என்பதால் யாருக்கும் தெரியாது. அதே பாட்டை செல்போனில் போட்டு ஒப்பிடுங்கள்.

கேசட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நல்ல டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

இனி முக்கியமான வேலை, பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்வது. முதலில் சம்மதம் கேளுங்கள். செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்; நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சு அடிக்கும். சீலிங் ஃபேன் பேசி முடியும்வரை நிற்கட்டும். பின்னால் பாட்டு ஓடக் கூடாது. பிறகு பேச்சைச் சுத்தமாகத் தனியே பிரிப்பது கஷ்டம். இரண்டாவது செல்போனிலும் பதிவு ஓடட்டும்.

“அவரை ஏன் பிடிக்கும்?” என்று கேட்டால் “நல்ல குரல்” என்பதோடு முடிந்துவிடும். எந்த வீடு, ரேடியோகிராமா (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) ரேடியோ சிலோனா, ரெக்கார்டை யார் வாங்கி வந்தார்கள், எந்தக் கல்யாணத்தில் அதற்கு ஆடினார்கள் என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டு, ஐந்து நிமிஷம். “அறுபத்தாறில் புது ரெக்கார்டு வாங்கினேன்” என்று ஒருவர் சொன்னால், அவர்தான் அறுபத்துநாலிலேயே போய்விட்டாரே என்று திருத்தக் கிளம்பாதீர்கள். மனைவி மேரி ரீவ்ஸ் பொறுப்பில், எஞ்சியிருந்த பதிவுகள் பல ஆண்டுகள் புதிதாக வந்துகொண்டேதான் இருந்தன. 1966-ல் ஒன்று பிரிட்டனில் முதலிடமே பிடித்தது.

எல்லாரும் சேர்ந்து பாடும்போது அவருடைய ஸ்கேலில் தொடங்கினால் கீழ் ஸ்வரத்தில் பாதிப் பேர் குரல் காணாமல் போகும். கிடாரில் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்தி ஸ்கேலை ஏற்றும் கிளிப்) போட்டால் ஆண்களுக்குச் சரிவரும். பெண்களுக்கு அவர்கள் பாடிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மஞ்சள் தேங்காய்ச் சோறும் உருண்டைக் கறியும் டெவில் சட்னியும் பதிவெல்லாம் முடிந்த பிறகே வரட்டும். தட்டுச் சத்தத்தை எடிட்டிங்கில் சுத்தமாக எடுப்பது கஷ்டம்.