ஊறுகாய் விற்க வாட்ஸ்அப் முதலில், இன்ஸ்டா அப்புறம்

போச்சம்பள்ளி பக்கம் வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் இன்ஸ்டாகிராம் பக்கம் திறந்து லைக்குக்குக் காத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்தான் முதல் வேலை. இலவசம். அதில் உள்ள கேட்லாக்கில், அதாவது பொருள் பட்டியலில், கால் கிலோ, அரை கிலோ என்று தனித்தனியாகப் படமும் விலையும் போடுங்கள். விலையை மறைத்தால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே தடவையில் அனுப்பும் பிராட்காஸ்டில் ஒரு சிக்கல் உண்டு: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பாட்டிலை நீட்டும்போதே, "அக்கா, ஊறுகாய்னு நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். கண்ணெதிரே சேமிக்க வைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் இன்ஸ்டாவில் போடும் குட்டி வீடியோ, ரீல்ஸ். கேமராமேன் எல்லாம் வேண்டாம். பெங்களூரா மாங்காயை அரிவாள்மனையில் கொட்டையோடு பிளக்கும் 'டக்' சத்தம், உப்புப் பிசிறிய துண்டுகள் மொட்டை மாடியில் வெள்ளைத் துணியில் காய்வது, 20 நொடி போதும். சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். அந்தச் சத்தம்தான் நாக்கில் எச்சில் ஊற வைக்கும்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதானால் எந்த ஊர், அதைச் சுற்றி எவ்வளவு தூரம் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். கூரியர் போகாத ஊருக்குக் காட்டி என்ன பயன்? லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் தெரியும்படி படம் எடுங்கள், முன்பின் தெரியாதவர்கள் அதைத்தான் தேடுவார்கள். சீசன் முடிந்தால் மாங்காய் கிடைக்காது. மே, ஜூனிலேயே வருஷத்துக்கான வீடியோக்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.