தெருநாய்களுக்காகக் குழுக்கள் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு குழு சோறு வைக்கும், இன்னொன்று விசர்நாய்த் தடுப்பூசி போடும், மூன்றாவது குட்டிகளுக்கு வீடு தேடும், ஆனால் ஒருவரையொருவர் தெரியாது. முதலில் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவுக்குள் வாருங்கள். அப்புறம் ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்து, ஒவ்வொரு நாயையும் படம் எடுத்து, ஆணா பெண்ணா, கருத்தடை செய்ததைக் காட்டும் வெட்டு அடையாளம் காதில் இருக்கிறதா என்று ஒரே பட்டியலில் எழுதுங்கள், இல்லாவிட்டால் கருத்தடை செய்த நாயையே மறுபடி பிடித்து வதைப்போம்.

கருத்தடையில் பெட்டைகளுக்குத்தான் முதலிடம், சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தானே. ஒரு தெருவை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிடிக்கிற நாள் காலை, தினமும் சோறு வைக்கிற அக்காவையே கூட்டிப் போங்கள்: வலையைக் கண்டதும் மதிலுக்குப் பின்னால் பதுங்குகிற நாய் அவர் குரலுக்கு வாலை ஆட்டிக்கொண்டு வரும். முதல்நாள் இரவு எப்போது சாப்பாட்டை நிறுத்துவது என்று மிருக வைத்தியரிடம் கேட்டு அந்த அக்காவிடம் சொல்லி வையுங்கள், மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும்.

குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கேட்பவர் வாடகைக்கு இருப்பவரானால் வீட்டுக்காரரின் சம்மதத்தை முதலே வாங்குங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் அதே குட்டி தெருவில் நிற்கும்.