மஞ்சள் கறை ஏன் சிவக்கிறது?

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டதா? சோப்பு போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும். கறை முற்றிவிட்டதோ என்று பயந்து இன்னும் அழுத்தித் தேய்ப்போம், துணிதான் நைந்துபோகும். தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஏன் சிவந்தது என்று யோசியுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பில் இருக்கும் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். நிறம்தான் மாறும், கறை போகாது.

குர்குமினுக்கு வெயில் ஆகாது. அதனால் துவைத்த துணியை ஈரத்தோடு, கறை மேலே தெரிய, நல்ல வெயிலில் போடுங்கள். லேசான கறை சீக்கிரம் வெளுக்கும், பழைய கறைக்குச் சில நாள் பிடிக்கும். சாயத் துணிக்கு இது வேண்டாம், அதன் நிறமும் வெளுத்துவிடும்.

அப்புறம், வெள்ளைத் தாளில் மஞ்சள் நீர் தடவிக் காயவைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், மோர், புளிக்கரைசல் என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கட்டும். எது சிவக்கும் என்று முதலில் அவர்களே ஊகிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடாதீர்கள்.