இன்டேக் மேனிஃபோல்டு: எதில் செய்யலாம், எதைத் தொடவே கூடாது

இன்டேக் மேனிஃபோல்டு என்பது இன்ஜின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி. அதை நீங்களே செய்யும்போது, உள்ளே போவது காற்றுதானே என்று பிவிசி குழாயை எடுத்துவிடாதீர்கள். சிலிண்டர் ஹெட்டோடு போல்ட்டில் இறுகும் தகடான ஃபிளாஞ்ச் 90 டிகிரி செல்சியஸைத் தொடும். இன்ஜினை அணைத்தபின் சூடு இன்னும் ஏறும். பிவிசி சுமார் 80 டிகிரியிலேயே இளகிவிடும். பேக்ஃபயர் (மேனிஃபோல்டுக்குள்ளேயே பெட்ரோல் கலவை வெடிப்பது) ஒன்று அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும், தீப்பிடித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்தது 60 டிகிரியில் தொய்யும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும், ஆனால் பெட்ரோல் அதை அரிக்கும். கம்பெனி வண்டிகளில் வரும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்து அச்சில் வார்த்த நைலான். அதை வைத்து மற்ற பிளாஸ்டிக்கை எடைபோடக் கூடாது.

வலுவும் முக்கியம். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) உள்ளே சுமார் 0.7 பார் வெற்றிடம் இருக்கும். 300×100 மி.மீ. தட்டை முகத்தின்மேல் அது 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரம்.

எங்கள் தேர்வு அலுமினியம். ஃபிளாஞ்சுக்கு 10–12 மி.மீ. 6061 ரக அலுமினியத் தகடு, ரன்னருக்கும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் குழாய்) ப்ளீனத்துக்கும் (ரன்னர்கள் கிளம்பும் காற்றுப் பெட்டி) 3 மி.மீ. மடிக்கவேண்டிய இடத்தில் 5052 ரகம் போடுங்கள்; 6061-டி6 கூர்மையாக மடித்தால் விரிசல் விடும். ரகம் தெரியாத துண்டு வேண்டாம்: 7075, 2024 என்றால் வெல்டிலேயே பிளந்துவிடும். டிக் (TIG) வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்க 4043 கம்பி சரி. 5356 கம்பி, 65 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருக்கும் இடத்துக்கு ஆகாது. இரும்பு என்றால் 2 மி.மீ. போதும், துருவைக் கவனிக்கவேண்டும். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டு செய்யாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

இதை மறக்கவே வேண்டாம்: வெல்டுக்கு முன் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்தால், ஆர்க்கின் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உருவாகும். அசிட்டோனால் துடைத்து, முழுக்கக் காயவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

ஃபிளாஞ்சைத் தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி வெல்டு செய்து, ஆறியபின்தான் கழற்றவேண்டும். நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள், 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் முகத்தை மில்லிங் செய்தே ஆகவேண்டும். இல்லையேல் காற்று கசிந்து, பெட்ரோல் கலவை மெலிந்து, ஐடில் ஏறும். பாரத்தில் ஓடும்போது நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) பிஸ்டனைத் தின்னும். சாதாரண சிலிக்கோன் பசை பெட்ரோலில் ஊறிக் கழன்றுவிடுவதால் கேஸ்கெட்டுக்கு மாற்றாகாது. பிரேக் பூஸ்டருக்கு (மேனிஃபோல்டு வெற்றிடத்தால் பிரேக்கை இலகுவாக்கும் பாகம்) ஹோஸ் மாட்டும் நிப்பிளை ஒட்டாதீர்கள், மரை வெட்டிப் பொருத்துங்கள். அது கழன்றால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும்.

உள்ளே ஒட்டியிருக்கும் வெல்டுத் துளிகளையும் சீவல்களையும் கழுவி எடுத்தபின், எல்லாத் துளைகளையும் அடைத்து 0.3 பார் காற்று ஏற்றி, சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்த இடத்தைச் சுரண்டி மறுபடி வெல்டு செய்யுங்கள். எபாக்சி பூசி மூடாதீர்கள்.