குடிநீரைப் பார்த்து, முகர்ந்து, சுவைத்துச் சோதிப்பது எப்படி?

குடிநீருக்கு இரண்டு வகை அளவுகோல்கள் உண்டு. ஈயம், ஆர்செனிக், கிருமி போன்றவற்றுக்கான வரம்புகள் உடல்நலத்துக்காக. நிறம், மணம், சுவை, கலங்கல் இவற்றுக்கானவை, தண்ணீரை மனம் ஒப்பிக் குடிப்பதற்காக. அமெரிக்கா இந்த இரண்டாம் வகையில் 15 கூறுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அந்நாட்டு மத்திய அரசின் சட்டப்படி அவை கட்டாயமில்லை. அதற்காக அலட்சியமாக விட முடியாது. நாற்றமடிக்கிறதே என்று நல்ல தண்ணீரை ஒதுக்கிவிட்டு, தெளிவாகத் தெரியும் கெட்ட தண்ணீரைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

படி 1: பாருங்கள்

நிறமில்லாத கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை வையுங்கள். கலங்கல் சுமார் 4 என்.டி.யு.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டினால் கண்ணுக்குத் தெரியும். பால்போல் வெளுத்திருந்து அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக்குமிழி. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சற்று நேரத்தில் செம்பழுப்பாக மாறினால் இரும்பு: கரைந்திருந்தது காற்றுப் பட்டதும் துருவாகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனாலே துணியில் கறை படியும். கருப்புப் படிவு என்றால் மாங்கனீஸைச் சந்தேகியுங்கள். இதை அழகு சார்ந்த தொல்லை என்று மட்டும் விட்டுவிட வேண்டாம். அளவு கூடினால் உடல்நலத்துக்கும் கெடுதல், குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு.

படி 2: முகருங்கள்

என்னைக் கேட்டால், வீட்டில் செய்யும் சோதனைகளில் அதிகம் சொல்வது இதுதான். மணமில்லாத சுத்தமான பாட்டிலில் பாதி அளவு நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, திறந்த உடனே முகருங்கள். ஒன்றும் தெரியவில்லையா? வெதுவெதுப்பாக்கி மறுபடி முகருங்கள். சூட்டில் மணம் எழும்பும்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. வெந்நீரில் மட்டும் அடித்தால், பெரும்பாலும் வாட்டர் ஹீட்டருக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். மண்வாடை வந்தால் ஜியோஸ்மின். ஏரி, அணை நீரில் சில பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்குவது. லிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலேயே நம் மூக்கு பிடித்துவிடும், எந்த மலிவான கருவியாலும் முடியாத வேலை! லேசான குளோரின் வாசனைக்குப் பயப்படாதீர்கள், கிருமிநீக்கம் நடந்திருக்கிறது என்றுதான் பொருள். திறந்த பாத்திரத்தில் வைத்தால் குறையும். ஆனால் பெட்ரோல், பெயின்ட் போன்ற வாடை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், வாயில் வைக்க வேண்டாம்.

படி 3: சுவையுங்கள்

சுத்திகரித்த தண்ணீர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். குளிர்ச்சி சுவையை மறைக்கும் என்பதால் ஃப்ரிட்ஜ் தண்ணீர் உதவாது. கொஞ்சம் வாயில் வைத்துச் சுழற்றித் துப்புங்கள். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் உப்புக்கரிப்பு தெரியத் தொடங்கும். உலோகச் சுவைக்கு இரும்பு, செம்பு, துத்தநாகம் காரணமாகலாம். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய நீரையும், சிறிது நேரம் ஓடவிட்ட நீரையும் ஒப்பிட்டால் குறை வீட்டுக் குழாயிலா என்பது பிடிபடும்.

படி 4: அளந்து பாருங்கள்

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகளை மட்டுமே காட்டும், அதுவும் மின்கடத்தலை வைத்துத் தோராயமாக. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1000க்கு மேல் குடிக்கப் பிடிக்காது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிகக் குறைந்தாலும் சப்பென்று இருக்கும். மீட்டரில் எண் குறைவு என்பதால் தண்ணீர் பாதுகாப்பானது என்று விற்பவர்களை நம்பாதீர்கள். கிருமியையோ ஆபத்தான அளவு ஈயத்தையோ அது காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வகம்தான் வழி.

படி 5: குறித்து வையுங்கள்

தேதி, எந்தக் குழாய், நிறம், மணம், டிடிஎஸ், இவ்வளவு போதும். பழகிய தண்ணீரின் மணமோ நிறமோ திடீரென்று மாறினால் குடிப்பதை நிறுத்திவிட்டு, குறிப்போடு தண்ணீர் வழங்குபவரிடம் சொல்லுங்கள். கிணறு, போர் தண்ணீர் என்றால் நேராக ஆய்வகம்; மாதிரிக்கு அவர்கள் தரும் பாட்டிலையே பயன்படுத்துங்கள்.